கேட்டுக்குத்தான் ஹெல்மெட்

பாப்பா, தம்பி, இதை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். ஒருவர் படித்து இன்னொருவருக்குச் சொல்வது வேண்டாம். அப்படிச் சொல்லும்போது உங்களுக்குள் சண்டை வந்துவிடுகிறது. நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். தப்பு இருந்தால் பாப்பா மனதுக்குள் திருத்திக்கொள். தம்பியிடம் காட்டிச் சிரிக்காதே.

அம்மா துணி எடுத்து வைத்துவிட்டாள். பீரோவுக்குப் பக்கத்தில் இருக்கிற நீலப் பையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காடாம்புலியூருக்குப் போய் உங்கள் மாமா வீட்டில் இருந்துகொள்வாளாம். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "புள்ளைங்க பெருசாவற வரைக்கும்" என்றாள். சொல்லும்போது அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

நான் சொல்லி அவள் கேட்கவில்லை. நீங்கள் சொன்னால் நிற்பாள். ஆனால் நீங்கள் சொல்ல மாட்டீர்களோ என்று பயமாக இருக்கிறது. சமையலறையில் அது நடந்த நாளிலிருந்து நீங்கள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உங்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அம்மாவுக்கு சைனஸ் என்றுதானே உங்களிடம் சொல்லி வைத்திருக்கிறோம். அது சைனஸ் இல்லை.

அம்மா முன்பு எப்படி இருந்தாள் என்பதே உங்களுக்கு மறந்து போயிருக்குமோ என்று சில நேரம் நினைத்துக்கொள்கிறேன். அவள் பலாப்பழ ஊரில் பிறந்தவள். பழ வண்டி நம் பிளாக் முனையில் திரும்பும்போதே, கொல்லையில் துணி அலசிக்கொண்டிருப்பவள், "அதுல இன்னிக்கே அறுக்க வேண்டிய பழம் ஒண்ணு இருக்கு" என்பாள். வண்டிக்காரர் ஒரு பழத்தைத் தட்டிக் காட்டுவார்.

"இது தேனும்மா. இப்பவே அறுக்கலாம்."

"தட்டாதீங்க, அது என்னா கதவா? அதுக்கு இன்னும் ரெண்டு நாளு ஆவும். அடியில கெடக்குது பாருங்க, அத எடுங்க."

"அது காயிம்மா."

"காய எனக்குக் குடுத்துடுங்க. பழத்த வெச்சி நீங்க பொழைச்சுக்குங்க."

அறுத்தால் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். பிறகு அந்த வண்டிக்காரரே நம் வாசலில் நின்று, "எத முன்னாடி விக்கட்டும், சொல்லு தங்கச்சி" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த தெருவுக்குப் போவார். சாம்பாருக்கு உப்பு போதுமா என்பதை ஆவியை முகர்ந்தே சொல்லிவிடுவாள். உங்கள் உச்சந்தலையை முகர்ந்து, நாளைக்குக் காய்ச்சல் வரும் என்பாள். வரும்.

இப்போது ஹெல்மெட் விஷயத்துக்கு வருகிறேன். இது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் வேலை பார்க்கிற மைன்ஸின் கேட்டில் செக்யூரிட்டி நிற்பார்கள். ஹெல்மெட் இல்லாமல் வண்டி உள்ளே போக முடியாது. அதனால் ஷிப்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால், தூங்குமூஞ்சி மரங்கள் இருக்கிற இடத்தில், வண்டியை மெதுவாக்கி, முழங்கையில் மாட்டியிருக்கும் ஹெல்மெட்டைத் தலைக்கு மாற்றுவோம். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால், அதே மரத்தடியில் அது தலையிலிருந்து கைக்கு வந்துவிடும். தாடைக்குக் கீழே இருக்கிற வாரை மாட்டுகிற பழக்கமே கிடையாது. "கேட்டுக்கு ஹெல்மெட் எடுத்துக்கினியா?" என்றுதான் வீட்டில் கேட்பார்கள். தலைக்கு எடுத்துக்கொண்டாயா என்று கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

டவுன்ஷிப் ரோடு அகலமானது. இரண்டு பக்கமும் மரம். லாரி கிடையாது. அதனால் "உள்ளதான" என்று, டவுன்ஷிப்புக்கு உள்ளேதானே போகிறோம் என்பதற்கு, ஒரு வார்த்தை நம்மிடம் இருக்கிறது. காய்கறிக் கடைக்கா, உள்ளதான. ஸ்கூலுக்கா, உள்ளதான. கேட்டுக்குப் போகிறவன் ஒருவன்தான் என்பதால் நம் வீட்டில் அப்போது இருந்ததும் ஒரே ஹெல்மெட். அன்றைக்கு அது என்னோடு மைன்ஸில் இருந்தது.

போன வருஷம் தை மாதம். பாப்பா, அம்மா உன்னை ஸ்கூட்டியில் கொண்டுபோய் டியூஷனில் விட்டுவிட்டுத் திரும்பும்போது என்று எழுதவே எனக்குக் கை தயங்குகிறது. அதற்கும் உனக்கும் சம்பந்தமில்லை. மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கன்றுக்குட்டி ரோட்டுக்குத் துள்ளி வந்தது. அம்மா பிரேக் பிடித்தாள். மரத்திலிருந்து கொட்டியிருந்த பழுத்த இலையில் டயர் வழுக்கியது. அவள் மல்லாந்து விழுந்ததில் பின்மண்டை ரோட்டோரக் கல்லில் இடித்தது. தலையில் பூ வைத்திருந்தாள். அந்தப் பூ நசுங்கியதைத் தவிர வெளியே ஒன்றும் தெரியவில்லை. ரத்தம் இல்லை. எழுந்து புடவையைச் சரி செய்துகொண்டு, பக்கத்தில் நின்றவர்களிடம் கன்றுக்கு அடிபட்டதா என்றுதான் கேட்டாளாம்.

நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது வீடு நிறைய ஆள் இருந்தார்கள். அம்மா அடுப்படியில் எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்.

"வாந்தி எடுத்தியா?"

"இல்லக்கா."

"மயக்கம் போட்டியா?"

"கண்ண இருட்டிகினு வந்துச்சு. அவ்ளோதான்."

"வாந்தி எடுக்கலல்ல? அப்ப ஒண்ணும் இல்ல. மண்டையில அடிபட்டு வாந்தி வந்தாத்தான் பயப்படணும். கன்னுக்குட்டி தப்பிச்சுகிச்சு, உனக்கு எதுக்குடி கவல?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனாலும் மறுநாள் தலைவலி விடவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். நார்மல் என்றார்கள். திரும்பி வரும்போது ஆட்டோவில் அந்த வார்த்தையை நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தோம்.

சித்திரையில் நீங்கள் லீவுக்குக் காடாம்புலியூர் போயிருந்தீர்கள். மாமா ஒரு பலாப்பழம் கொடுத்தனுப்பியிருந்தார். அம்மா அதைச் சாக்கில் சுற்றி உள்ரூமில் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். என்றைக்கு அறுக்க வேண்டும் என்பதை அவள்தானே சொல்வாள், அதனால் நான் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. ஒரு நாள் மத்தியானம் வண்டியை நிறுத்தும்போதே வாடை வாசலுக்கு வந்தது. பழுத்த வாசனை இல்லை. புளித்து அழுகிய வாடை. உள்ளே போனேன். அந்த ரூமிலேயே, அந்தக் கட்டில் மேலேயே உட்கார்ந்து அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். காலடியில் ஈ மொய்த்தது.

"பழம் அழுவிப் போயி கெடக்குதே, இங்கயே குந்திகினு இருக்கியே."

"சும்மா வெளாடாதீங்க. அது இன்னும் பழுக்கவே இல்ல."

நான் சாக்கை இழுத்துப் பிரித்தேன். கருத்துப்போய் நீர் வடிந்துகொண்டிருந்தது. அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, தண்ணீர் குடிக்கிறவள் மாதிரி முகத்தை அதற்குக் கிட்டே கொண்டுபோனாள். அப்படியே இருந்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, இது நெசமாவே நாறுதா?"

அவள் எழுந்து அடுப்படிக்கு ஓடினாள். காபித்தூள் டப்பாவைத் திறந்தாள். பெருங்காயத்தைத் திறந்தாள். சாமி மாடத்திலிருந்து கற்பூரத்தை எடுத்துக் கையில் தேய்த்தாள். ஒவ்வொன்றையும் முகர்ந்துவிட்டு மேடையில் வைத்துக்கொண்டே போனாள். கடைசியில் மூடிகளெல்லாம் ஒரு பக்கம், டப்பாக்களெல்லாம் ஒரு பக்கம் கிடந்தன. நடுவில் அவள் நின்றாள்.

அதற்கு முன்னாலேயே வேறு மாற்றங்கள் வந்திருந்தன. எங்களுக்குத்தான் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. ட்யூப்லைட் போட்டால் கண் கூசுகிறது என்று அணைக்கச் சொல்வாள். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொள்வாள். பாலை வாங்கி வைத்துவிட்டு, பால்காரர் வரவில்லை என்று அவரிடமே சண்டை போட்டாள். தம்பி ரிமோட்டைத் தூக்கிப் போட்டதற்கு அவன் முதுகில் அடித்தாளே, அதற்கு முன்னால் அவள் உங்களை அடித்ததுண்டா? அக்கம்பக்கத்தில் சிலர் திமிர் என்றார்கள். சிலர் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார்கள். அதையும் விட்டுவைக்கவில்லை. குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு கோயிலில் வேப்பிலை அடித்தார்கள். மந்திரித்த எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தார்கள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் அந்தப் பழத்தை நகத்தால் கீறிக் கீறி மூக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பிறகுதான் பாண்டிச்சேரிக்குப் போனோம். பெரிய ஆஸ்பத்திரி. அங்கே ஒரு லேடி டாக்டர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். பழைய ஸ்கேன் நார்மல்தானே என்று நான் எடுத்துக் காட்டினேன்.

"மூளையில ரத்தக்கசிவு இல்ல, எலும்பு உடையல. அதுக்குத்தான் நார்மல்னு போட்டிருக்காங்க. மூளை குலுங்கினது எல்லாம் இதுல தெரியாதுங்க" என்றார். "மூக்குக்கு மேல, வாசனைக்குன்னு நூல் மாதிரி நரம்பு இருக்கு. பின்னந்தலையில அடிபடும்போது மூளை முன்னால போயிட்டு வரும். அப்ப அந்த நரம்பு அறுந்துடலாம். கோபம், மறதி, தலைவலி, வெளிச்சம் கூசறது, இதுவும் அந்த அடியால வந்ததா இருக்கலாம். இவங்க வேணும்னு பண்றதில்ல."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாசனை திரும்ப வருங்களா?" என்று கேட்டேன்.

"சில பேருக்கு மெதுவா வரும். இவங்களுக்கு வரும்னு நான் சொன்னா அது பொய். முயற்சி பண்ணலாம். ஆனா ஒண்ணு, இன்னொரு தடவ தலையில அடிபடவே கூடாது. முதல் அடியவிட ரெண்டாவது அடி மோசமா போகலாம். பலமா அடிபட்டவங்களுக்கு, திரும்பத் திரும்ப அடிபட்டவங்களுக்கு, பல வருஷம் கழிச்சு வலிப்பு, ஞாபக மறதி நோய் வர்ற வாய்ப்பும் மத்தவங்கள விட ஜாஸ்தி. எல்லாருக்கும் வராது. அதனால பயப்படாதீங்க, ஆனா பத்திரமா இருங்க."

பயப்படாதீர்கள் என்று சொன்னதைத் தவிர மற்ற எல்லாம் எனக்கு மனதில் தங்கிவிட்டது.

தலைவலிக்கு மாத்திரை கொடுத்தார். நான்கு சின்ன பாட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார். கிராம்பு, ஏலக்காய், காபித்தூள், எலுமிச்சைத் தோல். காலையும் மாலையும் ஒவ்வொன்றாக முகர வேண்டும். முகரும்போது அந்த வாசனை எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். பல மாதம் விடாமல் செய்ய வேண்டும். நீங்கள் சைனஸ் மருந்து என்று நினைத்த பாட்டில்கள் அவைதான்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா என்னிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டாள்.

"புள்ளைங்ககிட்ட சொல்லாதீங்க. ஆக்கறவளுக்கு மூக்கு இல்லன்னு தெரிஞ்சா, அந்தச் சோத்த எந்தப் புள்ள நம்பி சாப்புடும்? டியூஷன்ல வுட்டுட்டு வர்றப்பதான் வுழுந்தேன்னு பாப்பா வேற மனசுல வெச்சிக்கும்."

அதனால் சொல்லவில்லை.

பொங்கல் வரைக்கும் அவள் விடாமல் முகர்ந்தாள். நான் முதல் ஷிப்டுக்குக் கிளம்பும்போது பாட்டிலோடு ஜன்னல் பக்கம் நிற்பாள். "இன்னா, எதாவது?" என்பேன். தலையாட்டுவாள். ஒரு நாள் கிராம்பில் ஏதோ லேசாகத் தெரிகிற மாதிரி இருந்தது என்றாள். அன்றைக்கு நான் ஷிப்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டதற்குச் சும்மா என்றேன். மறுநாள் அது தெரியவில்லை. அதற்கப்புறமும் தெரியவில்லை. "வெறும் காத்த மோந்துகினு கெடக்கறேன்" என்று பாட்டில்களை ஜன்னல் மேடையில் வைத்தவள் பிறகு தொடவே இல்லை.

சமையலறையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் அவள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். தம்பிக்குக் காய்ச்சல் என்று ஸ்கூலுக்கு அனுப்பவில்லை. அவன் ஹாலில் தூங்கினான். அவனுக்காகத்தான் பால் வைத்தாள். வைத்ததை மறந்து கொல்லையில் துணி துவைக்கப் போனாள். பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. நடுவில் இரண்டு தடவை உள்ளே வந்து தம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். வீடெல்லாம் கேஸ் வாடை. அவளுக்கு அது வெறும் வீடு. பாப்பா, நீ வந்து சிலிண்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, ஸ்விட்ச் எதையும் தொடாமல் தம்பியை வெளியே இழுத்துக்கொண்டு வந்தாய். நீ செய்தது எல்லாம் சரி. அதற்கப்புறம் வாசலில் நின்று நீ சொன்னாயே, "உனக்கு மூக்கு இல்லையா? எங்கள கொல்றதுக்குத்தான் வெச்சிருக்கியா?" என்று. நீ தெரியாமல் சொன்னாய். பயத்தில் சொன்னாய். ஆனால் அம்மா அதைத் தீர்ப்பு மாதிரி எடுத்துக்கொண்டாள். அன்றைக்கிலிருந்து அவள் அடுப்பு பற்றவைக்கவில்லை. நான் வைக்கிற ரசத்தை நீங்கள் மூன்று பேரும் பேசாமல் சாப்பிடுகிறீர்கள்.

தம்பி, உன்னை அவள் இப்போதெல்லாம் உச்சி முகர்ந்து தூங்க வைப்பதில்லை என்று என்னிடம் கேட்டாய். நீ பெரிய பையன் ஆகிவிட்டாய் என்று அன்றைக்குச் சொன்னேன். அது காரணமில்லை. முகர்ந்தால் உன் வாசனை வராது. அதை அவளால் தாங்க முடியவில்லை.

என்னால் முடிந்ததையெல்லாம் செய்து பார்க்கிறேன். நம்மால் அவளுக்கு மூக்கைத் திருப்பிக் கொடுக்க முடியாது, மூக்காக இருக்க முடியும். யாராவது ஒருவர் வீட்டில் இருக்கும்போது மட்டும் அடுப்பு. முடிந்ததும் சிலிண்டரை மூடிவிட வேண்டும். கேஸ் கசிந்தால் கத்துகிற பெட்டி ஒன்று கடலூரில் கிடைக்கிறதாம். சொல்லி வைத்திருக்கிறேன். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். "எல்லாம் செய்வீங்க. புள்ளைங்க பயந்துகினே சாப்புடுமே, அதுக்கு எந்தப் பொட்டி கத்தும்?" என்றாள்.

கேட்டில் பழகினவர்களிடமும் பேசிப் பார்த்தேன். மரத்தடியில் ஹெல்மெட்டைக் கழற்றுகிறவர்களிடம் வண்டியை நிறுத்திச் சொன்னேன். "வார மாட்டு மச்சான், வூடு போற வரைக்கும் தலையிலயே இருக்கட்டும்."

"தோ வந்துட்டாருடா டிராபிக் போலீசு. மாமே, எனக்கு இருக்கறதே நாலு முடி, அதுவும் வேர்வையில போயிடும்."

"ஹெல்மெட்டுக்குள்ள முடி போனா வேற யாருக்கும் தெரியாது, உன் பொண்டாட்டிக்கு மட்டும்தான் தெரியும்."

"அவளுக்கு மூளை போனாக்கூட தெரியாது மாமே, வுடு."

சிரித்துக்கொண்டே கையில் மாட்டிக்கொண்டு போனார்கள். அம்மாவைப் பற்றிச் சொல்லியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார்கள். சொல்ல வாய் வரவில்லை.

பாப்பா, போன வாரம் உன்னை வண்டியில் பின்னால் உட்காரவைத்து ரேஷன் கடைக்குக் கூட்டிப் போகும்போது புது ஹெல்மெட்டை நீட்டினேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "உள்ளதானப்பா." வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, நீ போடுகிற வரைக்கும் ரோட்டிலேயே நின்றேன். நீ வெட்கப்பட்டாய். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

தம்பி, கிரிக்கெட் பந்து நெற்றியில் பட்டதை நீ மூன்று நாள் கழித்துத்தான் சொன்னாய். ஏன் சொல்லவில்லை என்றால், வாந்தி எடுக்கவில்லை என்கிறாய். அந்தப் பேச்சை இந்த வீட்டில் இனி யாரும் பேசக் கூடாது. தலையில் பட்டால் அன்றைக்கே சொல்லிவிடு. அன்றைக்கு விளையாட்டை நிறுத்திவிட வேண்டும். டாக்டர் சரி என்கிற வரைக்கும் திரும்ப இறங்கக் கூடாது. தலை வலிக்கிறது, எழுத்து மங்குகிறது, காரணமில்லாமல் எரிச்சல் வருகிறது, எதுவாக இருந்தாலும் சொல். நான் திட்ட மாட்டேன். திட்டினால் இந்தத் தாளை எடுத்துக் காட்டு.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அம்மாவிடம் போங்கள். மன்னிப்பு கேட்கச் சொல்லவில்லை. பசிக்கிறது என்று சொல்லுங்கள். நீ ஆக்கு, நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று பாப்பா சொல்லட்டும். அதற்கு அவள் நிற்பாளா என்று எனக்குத் தெரியாது. இதைவிட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இவ்வளவுதான். நீங்கள் ஸ்கூலில் இருக்கிறீர்கள். அம்மா மாவு அரைக்கிற கடைக்குப் போயிருக்கிறாள். முதல் ஷிப்ட் முடிந்து வந்து நான் எழுத உட்கார்ந்தேன். நடுவில் பலாப்பழ வண்டி போனது. வண்டிக்காரர் நம் வாசலில் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு நகர்ந்தார்.

இதுவரை எழுதிவிட்டு அடுப்படிக்குப் போனேன், திரும்பி வந்து அதையும் சேர்த்து எழுதுகிறேன். ஜன்னல் மேடையில் அந்த நான்கு பாட்டில்களும் தூசி படிந்து இருந்தன. திறந்து பார்த்தேன். காபித்தூள் கட்டி தட்டியிருந்தது. எலுமிச்சைத் தோல் பூசணம் பிடித்துக் கிடந்தது. எல்லாவற்றையும் கொட்டிக் கழுவி வெயிலில் கவிழ்த்துக் காயவைத்தேன். புதுக் கிராம்பு போட்டேன், ஏலக்காயை நசுக்கிப் போட்டேன், காபித்தூள் போட்டேன். ஒரு எலுமிச்சம்பழத்தின் தோலைச் சீவி நான்காவதில் போட்டேன். ஒவ்வொன்றையும் மூடுவதற்கு முன்னால் முகர்ந்து பார்த்தேன். நான்கிலும் வாசனை நன்றாக வந்தது. நீலப் பையில் வைப்பதா, இங்கேயே வைப்பதா என்று கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு ஜன்னல் மேடையிலேயே, அவள் கை எட்டுகிற இடத்தில், வரிசையாக வைத்தேன்.